கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு நிமிடம்: வேலைக்கு நடுவே கவனப் பயிற்சி

கேள்வி: வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில்லிங் கவுன்டரில் வேலை. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் இரவு ஒன்பதரை ஆகிவிடும். வீட்டுக்காரர் ட்ரெய்லர் ஓட்டுகிறார், துறைமுக வாசலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்பார். இரண்டு பேருக்கும் எரிச்சலும் அசதியும்தான் மிச்சம். தனியாக உட்கார்ந்து தியானம் செய்ய வழியில்லை. வேலைக்கு நடுவிலேயே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் 'மைண்ட்ஃபுல்னஸ்' செய்யலாம் என்கிறார்களே, நிஜமாகவே முடியுமா? எப்படிச் செய்வது?

பதில்: முடியும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான். "கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்போது செய்துகொள்ளலாம்" என்று வைத்துக்கொள்வார்கள். எம்.சி. ரோட்டில் பில் போடுகிறவருக்கு ஓய்வு எப்போது கிடைக்கப்போகிறது? ஆடித் தள்ளுபடி முடிந்தால் தீபாவளி, அது முடிந்தால் கிறிஸ்துமஸ், பொங்கல். இடையில் ரம்ஜான், முகூர்த்த நாட்கள். ஆகவே நேரம் ஒதுக்குகிற யோசனையையே விட்டுவிடுங்கள். உங்கள் வேலையில் ஒரு நாளைக்கு நூறு தடவை தானாக நடக்கிற ஒரு செயலைப் பிடித்து, அதோடு இதை முடிச்சுப் போட்டுவிடுங்கள். எங்கே, எப்படிப் போடுவது என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், என்ன செய்கிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். இந்த நொடியில் உடம்பில் என்ன, மனதில் என்ன, கண்ணெதிரே என்ன என்பதைத் தெரிந்துகொள்கிறோம். அதை உடனே மாற்றப் பார்ப்பதில்லை. மனம் வேறெங்காவது ஓடியிருந்தால், ஓடியதைக் கண்டுபிடித்துத் திரும்பக் கூட்டி வருகிறோம். கூட்டி வருகிற அந்த அசைவுதான் பயிற்சி. அமைதி வந்தால் நல்லது, வராவிட்டாலும் பயிற்சி நடந்து முடிந்துவிட்டது. இதை ஆரம்பத்திலேயே மனதில் வாங்கிக்கொள்ளாதவர்கள் பத்து நாளில் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள்.

இதன் பின்னணி சுருக்கமாக: பௌத்த மரபின் தியான முறைகளிலிருந்து மதச் சடங்குகளைக் கழற்றிவிட்டு, 1979-ல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக பல வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பிறகு மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்காக செகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய மூவரும் அதை மாற்றியமைத்தபோது, மூன்று நிமிடச் சிறு பயிற்சி ஒன்றை அதில் சேர்த்தார்கள். நீங்கள் கேட்கிற 'வேலைக்கு நடுவே' வடிவங்களில் பலவற்றுக்கு அதுதான் தாய். 2014-ல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 47 ஆய்வுகளை, அதாவது 3,515 பேரை, எடுத்துக்கொண்டு பார்த்தது. தியானப் பயிற்சிகள் பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் ஓரளவு குறைப்பதாகச் சொன்னது. 'ஓரளவு' என்பதைக் கவனியுங்கள். அதிலும் அவை வாரக்கணக்கில் முறையாக நடந்த பயிற்சிகள். ஒரு நிமிடப் பயிற்சியிடம் அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் ஒரு வேலையின் எரிச்சல் அடுத்த வேலைக்குள் கசியாமல் தடுப்பதற்கு அது போதும். கவுன்டரில் உங்களுக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

ஒரு சின்ன அளவெடுப்போடு தொடங்கலாம். வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடத்தில் இயல்பாக எத்தனை மூச்சு விடுகிறீர்கள் என்று எண்ணுங்கள். உள்ளே போய் வெளியே வந்தால் ஒன்று. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 12 முதல் 20 வரை இருக்கும். எண்ணுகிறோம் என்ற நினைப்பிலேயே மூச்சு கொஞ்சம் மாறும், அதனால் மூன்று தடவை எண்ணி நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 14 என்று வந்தால், இனி உங்களுக்கு 14 மூச்சு என்றால் ஒரு நிமிடம். போன் வேண்டாம், அலாரம் வேண்டாம், சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம்.

இப்போது முதல் முடிச்சு: கல்லா. பணத்தைப் போட்டுச் சில்லறை எடுத்துக்கொடுத்து டிராயரைத் தள்ளி மூடுகிறீர்கள். அது மூடும் 'டக்' சத்தத்தோடு ஒரே ஒரு மூச்சை மூக்கு வழியாக வெளியே விடுங்கள். விடும்போது தோள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கீபோர்டில் தட்டிக்கொண்டே இருக்கிறவர்களுக்குத் தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், பல்லும் கடித்தபடி இருக்கும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டியிருந்தால் ஒரு நூல் இடைவெளி விடுங்கள், தோள் தானே இறங்கும். அடுத்து நிற்கிறவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பில்லைத் தொடுங்கள். மொத்தம் நான்கைந்து நொடி. வரிசை நின்றுபோகாது, சூப்பர்வைசருக்கும் தெரியாது.

மூச்சை விடுவதில் ஏன் தொடங்கச் சொல்கிறேன் என்றால், இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே வேகமாகும், விடும்போது சற்றே மெதுவாகும். இது எல்லோர் உடம்பிலும் இயல்பாக நடப்பது. வெளிமூச்சை நிதானமாக முடிய விட்டாலே உடம்பு ஒரு படி இறங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: வாய் வழியாக 'ஹ்ம்ம்' என்று விடாதீர்கள். எதிரே நிற்கிற வாடிக்கையாளருக்கு அது பெருமூச்சாகக் கேட்கும், "என்னம்மா சலிச்சுக்கிற?" என்று ஆரம்பித்துவிடுவார்.

பணமாக இல்லாமல் கார்டோ ஜிபேயோ வந்தால் டிராயர் மூடாது. அப்போது ஸ்வைப் மிஷின் யோசித்துக்கொண்டிருக்கிற அந்தச் சில நொடி, அல்லது சவுண்ட் பாக்ஸ் தொகையைச் சொல்லி முடிக்கிறவரைக்கும் உள்ள இடைவெளி இருக்கிறதல்லவா, அதை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அந்த நொடிகளில்தான் மனம் "வருமா, வராதா, நெட் போச்சா" என்று முன்னால் ஓடும். ஓடட்டும், நீங்கள் விரல் நுனி மேஜையில் படுவதைப் பாருங்கள். கண்ணாடி மேஜை குளிர்ச்சியாக இருக்கும், மரம் என்றால் சொரசொரப்பு. அவ்வளவுதான் வேலை.

உட்காருகிற இடத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பயிற்சியில் உள்ளங்கால் ஒரு பெரிய பிடிமானம். பில்லிங் ஸ்டூல் உயரமாக இருந்து கால் தொங்கினால் அந்தப் பிடிமானம் கிடைக்காது, தொடையின் பின்பக்கம் அழுந்தி மரத்தும் போகும். காலடியில் ஒரு மரப்பலகையோ, துணிக்கட்டு வந்த கெட்டியான அட்டைப்பெட்டியை மடித்தோ போடுங்கள். முட்டி இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும், இரண்டு பாதமும் முழுதாகப் பட வேண்டும். உங்களுக்கு ஸ்டூலாவது இருக்கிறது. தளத்தில் சேலை எடுத்துப் போடுகிற பிள்ளைகள் நாள் முழுக்க நின்ற காலத்தை மாற்றத்தான் 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்கார விட வேண்டும் என்று அது சொல்கிறது. கால் கடுக்க நிற்கிறவரிடம் "பாதத்தை உணர்ந்து பார்" என்று சொல்வது குரூரம். முதலில் உட்கார இடம், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அடுத்தது ஒரு நிமிட வடிவம். நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை போதும். இதில் நான்கு கட்டம் உண்டு, வரிசை மாறக் கூடாது. முதலில் உடம்பு: பாதம் தரையில், உட்காரும் இடம் ஸ்டூலில், கை மேஜையில் அல்லது மடியில். இரண்டு மூன்று மூச்சு நேரம் அந்தத் தொடுதல்களை மட்டும் பாருங்கள். இரண்டாவது, இப்போது உள்ளே ஓடுவதற்கு ஒரே சொல்லில் பெயர் வையுங்கள். 'கோபம்', 'அவசரம்', 'பசி', 'வீட்டு நினைப்பு', 'ஒன்றுமில்லை' எதுவாக இருந்தாலும் சரி. ஏன் கோபம், யார்மேல் என்று விசாரணை வைக்காதீர்கள். விசாரணை தொடங்கினால் நிமிடம் அதிலேயே போய்விடும். மூன்றாவது மூச்சு. மூக்கு நுனியிலோ வயிற்றிலோ எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே. உங்கள் எண்ணில் பாதி, அதாவது ஏழெட்டு மூச்சு. இடையில் மனம் நழுவினால், 'போயிருக்கிறது' என்று மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த மூச்சைப் பிடியுங்கள். ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதில்லை. நான்காவது, பார்வையையும் காதையும் அகலமாகத் திறந்துவிடுங்கள்: கடையின் நீளம், ஏசி சத்தம், எதிர்க் கவுன்டரில் பேசுகிறவர் குரல். பிறகு அடுத்து செய்யப்போகிற ஒரு காரியத்தை மனதுக்குள் சொல்லிவிட்டு அதைத் தொடுங்கள்: 'பில் ரோல் மாற்றணும்'.

பலர் நான்காவது கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். மூச்சிலிருந்து நேரே எழுந்து சந்தடிக்குள் போனால், தூக்கத்தில் தட்டி எழுப்பியது மாதிரி திடுக்கென்று இருக்கும், முன்னைவிட எரிச்சலாகும். பெயர் வைக்கிற இரண்டாவது கட்டத்தை விட்டால் வேறொரு கோளாறு வரும். கோபம் இருப்பதையே ஒப்புக்கொள்ளாமல் மூச்சால் அதை மூடி அமுக்குகிற பழக்கமாகிவிடும், அது மாலையில் வீட்டில் வெடிக்கும்.

கண்ணை மூட வேண்டுமா? வேலையிடத்தில் வேண்டாம். சிசிடிவி இருக்கிறது, கல்லாவில் பணம் இருக்கிறது, கண் மூடினால் தூங்குகிறார் என்றுதான் எழுதுவார்கள். மேஜையில் ஒரு சாண் தள்ளி ஏதாவது ஒரு புள்ளியில் பார்வையைத் தளர்வாக வைத்தால் போதும்.

இந்த ஒரு நிமிடத்தை எதோடு கட்டுவது? உங்கள் வட்டாரத்தில் நல்ல வசதி ஒன்று இருக்கிறது. பள்ளிவாசல் பாங்கு வேலை நேரத்துக்குள் நான்கு தடவை கேட்கும்: மதியம், நாலரை ஐந்து மணி வாக்கில், பொழுது சாயும்போது, பிறகு இரவில். எந்த மதத்துக்காரராக இருந்தாலும் அந்தக் குரல் தொடங்குவதிலிருந்து அடங்குவது வரை காதால் பின்தொடரலாம். மூச்சைவிடச் சத்தத்தைப் பிடிப்பது புதியவர்களுக்கு எளிது. சர்ச் மணி கேட்கிற ராயபுரம் பக்கமென்றால் அது. கடைக்குள் பாட்டுப் போட்டு எதுவும் கேட்காது என்றால் தண்ணீர் பாட்டிலோடு கட்டுங்கள். மூடியைத் திருகுவது தொடக்கம், மூடுவது முடிவு. கழிப்பறைக்குப் போய் வருகிற நடையும் நல்ல இடம். மாடிப்படி இருந்தால் இன்னும் நல்லது, படி ஏறும்போது எந்தக் கால் எடையைத் தாங்குகிறது என்று பார்த்தபடி ஏறலாம். இப்படி 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே கட்டிவைக்கிற உத்தியை ஆராய்ந்து 1999-ல் எழுதியவர் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். வெறும் உறுதிமொழியைவிட இது வேலைக்கு ஆகும் என்பது அவர் கண்டது. ஒரு காகிதத்தில் எழுதியே வையுங்கள்: 'கல்லா மூடினால் ஒரு மூச்சு. பாங்கு கேட்டால் ஒரு நிமிடம்.' இரண்டே வரி. ஐந்தாறு முடிச்சு ஒரே வாரத்தில் போட்டால் எதுவும் நிற்காது.

மதியச் சாப்பாடு கடையில் முறை வைத்துத்தான் நடக்கும், சீக்கிரம் முடித்து அடுத்தவரை அனுப்ப வேண்டும். முழுச் சாப்பாட்டையும் கவனத்தோடு சாப்பிடுங்கள் என்று சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள், அதனால் முதல் மூன்று கவளம் மட்டும். போனைக் கவிழ்த்து வையுங்கள். முதல் கவளத்துக்கு முன் டப்பாவைத் திறந்ததும் வருகிற வாசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைத் தண்ணீர் விட்டு உள்ளே தள்ளாமல் நன்றாக அரையும்வரை மெல்லுங்கள். மூன்றாவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: வாயில் இருப்பதை விழுங்குவதற்கு முன்பே கை அடுத்த கவளத்தைப் பிசைந்து உருட்டத் தொடங்கியிருக்கும். அந்த விரல் அசைவைப் பிடிக்க முடிகிறதா பாருங்கள். நாள் முழுக்க மனம் செய்கிற வேலையே அதுதான், சாப்பாட்டில் கண்ணால் பார்க்க முடிகிறது. நான்காவது கவளத்திலிருந்து பக்கத்தில் இருப்பவரோடு தாராளமாகப் பேசிக்கொண்டு சாப்பிடுங்கள்.

வாடிக்கையாளர் சண்டை. இதுதான் உண்மையான பரீட்சை என்று நினைப்பார்கள், ஆனால் பயிற்சியை இங்கே தொடங்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் சாதாரண நேரத்தில் மட்டும் செய்யுங்கள். சண்டை வரும்போது மட்டும் மூச்சைத் தேடினால், மூச்சைத் தொட்டாலே சண்டை ஞாபகம் வருகிற நிலைமை உண்டாகும். பழகிய பிறகு, எதிரே இருப்பவர் "விலை ஒட்டினதுல வேற போட்டிருக்கு" என்று குரலை உயர்த்துகிறபோது, அவர் பேசி முடிக்கிற வரை இரண்டு பாதமும் பலகையில் அழுந்துவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் முடித்ததும் ஒரு வெளிமூச்சு, அதன்பிறகு பதில். முகத்தில் சிரிப்பு வர வேண்டும் என்று கட்டாயமில்லை. அவர் போன பிறகு இருக்கிறது உண்மையான இடம். வாதம் முடிந்தாலும் மனம் அங்கேயே நின்று 'இப்படிச் சொல்லியிருக்கணும்' என்று வசனம் எழுதிக்கொண்டிருக்கும். முடியாத வேலையில் கவனத்தின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையைக் கெடுக்கும் என்பதை 2009-ல் ஆய்வாளர் சோஃபி லெராய் காட்டினார். கவுன்டரில் இதற்கு விலை உண்டு: சண்டைக்கு அடுத்த பில்லில்தான் ஐந்நூறுக்குப் பதில் இருநூறு நோட்டு போகும், இரவில் கல்லா இடிக்கும். ஆகவே சண்டைக்குப் பின் வருகிற முதல் பில்லில் நோட்டை எண்ணும்போது மட்டும் ஒவ்வொரு நோட்டும் கட்டைவிரலில் உரசுவதை உணர்ந்து எண்ணுங்கள், வாய்க்குள் எண்ணையும் சொல்லுங்கள். கூடுதலாக மூன்று நொடி ஆகும்.

போக வர மெட்ரோ என்றால், திருவொற்றியூர் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் தயாராக ஒரு மணி அடிக்கிறது: புது வண்ணாரப்பேட்டை தாண்டியதும் ரயில் மேம்பாலத்திலிருந்து சுரங்கத்துக்குள் இறங்கும். ஜன்னல் கறுக்கும், சத்தம் மாறும். அங்கிருந்து தண்டையார்பேட்டை, தியாகராயா கல்லூரி, வண்ணாரப்பேட்டை என்று இறங்குவது வரை போனை எடுக்காமல் வாருங்கள். கம்பியைப் பிடித்திருக்கிற கையும், வண்டி ஆடும்போது எடை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறுவதும் போதிய வேலை. இரவு திரும்பும்போது எதிர்த் திசை: வெளிச்சத்துக்கு ஏறியதும் கடைக் கணக்கை அங்கேயே விட்டுவிடலாம். ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு போகிறவர்கள் இறங்கிய பிறகு நடக்கிற முதல் ஐம்பது அடியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர். அவருக்கு நிலைமை தலைகீழ். உங்களுக்கு நேரமே இல்லை, அவருக்கு எக்கச்சக்கமாக இருக்கிறது, ஆனால் எந்த நொடியிலும் வரிசை நகரலாம் என்பதால் அது ஓய்வும் இல்லை. அவருக்கு ஆழ்ந்த மூச்சு வேண்டவே வேண்டாம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையாக நிற்கிற வண்டிகளின் டீசல் புகையையும் தூசியையும் இழுத்து இழுத்து உள்ளே விடுவதில் என்ன நன்மை? அவருக்குப் பிடிமானம் காதும் கையும். வண்டி நின்று பார்க்கிங் பிரேக் போட்டதும் 'புஸ்' என்று காற்று வெளியேறுகிற சத்தம் இருக்கிறதே, அதுதான் முடிச்சு. அந்தச் சத்தத்துக்கு முன்னால் எதுவும் செய்யக் கூடாது. சக்கரம் உருளும்போது சாலையைத் தவிர வேறெதிலும் கவனம் போகக் கூடாது.

பிரேக் போட்டதும் இரண்டு கையையும் தொடைமேல் வைக்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கின் அதிர்வு உள்ளங்கையில் இன்னும் சில நொடி மிச்சமிருக்கும், அது அடங்குகிற வரை பார்க்கலாம். பிறகு மூன்று சத்தம்: பக்கத்து வண்டியின் ரிவர்ஸ் பீப், எங்கேயோ ரயில், ஆட்கள் கூப்பிடுவது, எது காதில் விழுகிறதோ அது. பிறகு பார்வையை டாஷ்போர்டிலிருந்து எடுத்துத் தூரத்தில் தெரிகிற துறைமுகக் கிரேனில் வைத்து, திரும்ப எதிரே நிற்கிற வண்டியின் நம்பர் பிளேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இதெல்லாம் சேர்ந்தால் இரண்டு நிமிடம். அதன்பிறகு போனில் ரீல்ஸ் பார்க்கட்டும், யாரும் தடுக்கவில்லை. நிறுத்தியதும் போன் கைக்கு வந்துவிடுகிற வேகத்தில் இரண்டு நிமிடம் குறுக்கே வைத்தாலே, பின்னாலிருந்து ஹாரன் அடித்ததும் தூக்கிவாரிப்போடுவது குறையும். தூக்கம் சொக்கினால் மட்டும் இந்தப் பயிற்சியைத் தொடவே கூடாது. கண்ணை எரிக்கிற தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். ஓரங்கட்டிப் பதினைந்து இருபது நிமிடம் தூங்குவது, எழுந்ததும் முகம் கழுவி, தெளிந்த பிறகு கிளம்புவது. 'மைண்ட்ஃபுல்' ஆக ஓட்டித் தூக்கத்தைச் சமாளிக்கலாம் என்று நினைப்பது ஆபத்து.

பயிற்சியில் வருகிற கோளாறுகள் சிலவற்றுக்குக் காரணம் உடம்பிலேயே இருக்கிறது. தலை கிறுகிறுப்பு, விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வந்தால், தேவைக்கு மேல் மூச்சு இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். வேகமாகவும் ஆழமாகவும் விடும்போது ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்துபோகும், அதனால் வருவது அது. மூச்சை அதன் போக்கில் விட்டு, பாதத்துக்குக் கவனத்தை மாற்றினால் சில நிமிடத்தில் சரியாகும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் சொக்கினால் நின்றுகொண்டு, கண் திறந்து, தூரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். 'இப்போ அமைதியாயிட்டேனா?' என்று பத்து நொடிக்கு ஒரு தடவை சோதிக்கிற பழக்கம் வந்தால், அந்தச் சோதிப்பையே 'சோதனை' என்று பெயர் வைத்துவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள்.

சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கும், பதற்றத் தாக்குதல் வந்தவர்களுக்கும், பழைய அதிர்ச்சி எதையாவது சுமக்கிறவர்களுக்கும் இது நடப்பது சகஜம். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு வெளியே பிடிக்க வேண்டும். எதிரே இருக்கிற மூன்று நிறம், காதில் விழுகிற இரண்டு சத்தம், கையில் இருக்கிற ஒரு பொருளின் எடை. அப்படியும் கூடினால் நிறுத்திவிடுவதில் தவறே இல்லை. நெஞ்சை அழுத்தி வியர்த்து, கையிலோ தாடையிலோ வலி பரவினால் பயிற்சியெல்லாம் செய்துகொண்டிருக்க வேண்டாம், உடனே 108. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, அழுகை அடங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் போனால் 14416 என்கிற டெலிமானஸ் எண்ணைக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நேரில் என்றால் உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பதினொன்றரை மணி நேர வேலை, அதற்குள் சரியான இடைவேளை இல்லை, வார விடுப்பு கேட்டால் முகச் சுளிப்பு என்றால், அங்கே மாற வேண்டியது உங்கள் மூச்சு மட்டுமா? கவனப் பயிற்சி அநியாயத்தைப் பொறுத்துப்போகக் கற்றுத்தருகிற கருவியாக மாறிவிடக் கூடாது. சில நிறுவனங்கள் அப்படித்தான் இதை விரும்புகின்றன. பெயர் வைக்கிற அந்த இரண்டாவது கட்டத்தில் தினமும் மாலை ஆறு மணிக்கு 'முதுகு வலி' என்றே வருகிறதென்றால் அது ஒரு தகவல். ஸ்டூலை மாற்றச் சொல்லிக் கேட்க அது ஆதாரம்.

எத்தனை நாளில் பழகும்? லண்டனில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கத் தொடங்கச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம் இருந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய சேதம் செய்யவில்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. முதல் இரண்டு வாரம் கல்லா மூச்சு மட்டும். அடுத்த இரண்டு வாரம் ஒரு நிமிடத்தைச் சேர்க்கலாம். அதன்பிறகுதான் சாப்பாடு, மெட்ரோ. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கல்லா மூச்சை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பத்துத் தடவைக்கு ஒரு தடவை ஞாபகம் வந்தால் போதும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, 'மனசு எப்படி இருக்கு' என்று கேட்டுக்கொள்ளாதீர்கள், அது நாளுக்கு நாள் மாறும். இரவு கல்லா எத்தனை நாள் சரியாக ஒட்டுகிறது, சாயங்காலம் தோள்வலிக்குத் தைலம் தேய்ப்பது குறைந்ததா, சண்டை முடிந்து எத்தனை பில் கழித்து அந்த ஆளை மறக்கிறீர்கள், இவற்றைப் பாருங்கள். செயலி எதுவும் வாங்க வேண்டியதில்லை, பல கடைகளில் போனை லாக்கரில்தானே வைக்கச் சொல்கிறார்கள். வீட்டில் பத்து நிமிடம் கிடைக்கிற நாளில் அதே நான்கு கட்டத்தை நீட்டிச் செய்யலாம். உடம்புக்கு மூன்று நிமிடம், பெயர் வைக்க ஒன்று, மூச்சுக்கு நான்கு, அகலத் திறக்க இரண்டு.